முடிக்காகக் காப்பை அடகு வைக்கலாமா?



சென்ற மாதம் ஹட்டனிலிருந்து ஓர் உம்மாவின் கடிதம் வந்தது. நான்கு பக்கம். எழுத்திலேயே கண்ணீர் தெரிந்தது.

அவருடைய மகளுக்கு 24 வயது. கொழும்பில் ஒரு காரியாலயத்தில் வேலை. அங்கேயே டெங்குக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, அல்ஹம்துலில்லாஹ் பிழைத்து வந்தாள். இரண்டரை மாதம் கழித்து முடி கொட்டத் தொடங்கியது. சீப்பில் முடி, தலையணையில் முடி, குளியலறைக் குழாயடியில் முடி. இன்னும் நான்கு மாதத்தில் நிக்காஹ். அந்த நேரம் பார்த்துக் கைபேசியில் ஒரு விளம்பரம்: அறுவைச் சிகிச்சை இல்லை, உங்கள் இரத்தத்தாலேயே உங்கள் முடி வளரும்! விசாரித்தபோது ஆறு தடவை செய்ய வேண்டும், முழுப் பணத்தையும் முன்னதாகவே கட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். தன் உம்மா கொடுத்த ஒரு சோடிக் காப்பை அடகு வைக்க இந்தத் தாய் ஆயத்தமாகிவிட்டார்.

அவர் கேட்டது மூன்று கேள்விகள். இது பலிக்குமா? மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா? எதுவும் சரிவராவிட்டால் கலியாணத்தன்று சவுரி வைக்கலாமா?

அவருக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். ஆனால் இதே கவலை எத்தனை வீடுகளில் இருக்கிறது! அதனால் இந்த மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறேன்.

இரத்தத்தில் இருக்கும் மருந்து

பிளேட்லெட் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. 2017ஆம் ஆண்டு இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டபோது, வீட்டுக்கு வீடு அந்தச் சொல்லைத்தானே பேசினோம்? "பிளேட்லெட் எவ்வளவு? இறங்கிவிட்டதா? ஏறிவிட்டதா?" என்று. தமிழில் குருதிச் சிறுதட்டு என்பார்கள். ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில், அதாவது ஊசிமுனைத் துளியளவில், 150,000 முதல் 450,000 வரை இருக்கும். கை வெட்டுப்பட்டால் ஓடிவந்து இரத்தத்தை உறைய வைப்பவை இவைதாம். அத்தோடு இவற்றின் வேலை முடிவதில்லை. காயத்தை ஆற்றவும் புதிய இரத்தக் குழாய்களை உண்டாக்கவும் தூண்டுகிற புரதங்களையும் இவை சுரக்கின்றன. வளர்ச்சிக் காரணிகள் என்று அவற்றுக்குப் பெயர்.

இந்தப் பிளேட்லெட்டுகளைச் செறிவாக எடுத்து, தேவையான இடத்தில் செலுத்தினால் என்ன? இந்த எண்ணத்தில் பிறந்ததுதான் பி.ஆர்.பி. எனப்படும் சிகிச்சை. வாய், தாடை அறுவைச் சிகிச்சையில் எலும்பு விரைவாகச் சேர இதைப் பயன்படுத்தியது பற்றி அமெரிக்க மருத்துவர் ரொபர்ட் மார்க்ஸ் 1998இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது பரவலாயிற்று. மூட்டு வலி, ஆறாத புண் என்று போய், பின்னர் தலைமுடிக்கும் வந்தது. இன்று கொழும்பு, கண்டி போன்ற நகரங்களின் தனியார் கிளினிக்குகளில் செய்கிறார்கள்.

செய்முறை இதுதான். இரத்தப் பரிசோதனைக்கு எடுப்பதுபோலக் கையிலிருந்து இரத்தம் எடுப்பார்கள். அது உறையாமலிருக்க மருந்து சேர்த்த குழாயில் இட்டு, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வைப்பார்கள். மோர் கடையும்போது வெண்ணெய் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலச் சுழற்சியில் பாரமான சிவப்பணுக்கள் அடியில் தங்கும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவான நீர் நிற்கும். அதில் பிளேட்லெட் செறிந்த பகுதியை மட்டும் எடுத்து, மெல்லிய ஊசியால் முடி குறைந்த இடங்களில் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். வழக்கமாக மாதம் ஒரு தடவை வீதம் மூன்று தடவை. பிறகு ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு ஒரு தடவை. சொந்த இரத்தம் என்பதால் ஒவ்வாமை அரிது. வலி, வீக்கம், தலைப் பாரம் ஓரிரு நாள் இருக்கலாம்.

யாருக்குப் பலன், யாருக்கு வீண்?

சகோதரிகளே, இதுதான் கேள்வியின் உயிர்நாடி. முடி கொட்டுவது ஒரு நோயல்ல. பல நோய்களுக்கு அது ஒரே அடையாளம். தலைவலிக்கு ஆயிரம் காரணம் இருப்பதுபோல இதற்கும் பல.

பி.ஆர்.பி.யால் ஓரளவு பலன் உண்டு என்று ஆய்வுகள் காட்டுவது பரம்பரையாக வரும் முடி மெலிவுக்குத்தான். ஆண்களுக்கு நெற்றியும் உச்சியும் வழுக்கையாகும். பெண்களுக்கு அப்படியல்ல. நடுவகிடு மெல்ல மெல்ல அகலும். பின்னல் வருடத்துக்கு வருடம் மெலியும். அப்படிப்பட்ட சிலருக்கு முடியின் அடர்த்தி கூடியிருக்கிறது. ஆனால் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. பெண்களிடம் கிடைத்த முடிவுகள் ஒன்றுபோலவும் இல்லை. நிறுத்தினால் பலனும் குறையலாம். வேர் முழுதாக அழிந்து தழும்பான இடத்தில் இதனால் முடி முளைக்காது. ஆகவே "நூற்றுக்கு நூறு உத்தரவாதம்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இதே மெலிவுக்கு மினொக்சிடில் என்ற பூசுமருந்தும் உண்டு. பெண்கள் பூசுவதற்கு அமெரிக்காவில் 1991இலேயே அனுமதி கிடைத்தது. பி.ஆர்.பி.யைவிட நன்கு ஆராயப்பட்டது. பல மாதம் தவறாமல் பூசவேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பூசக்கூடாது. டொக்டரிடம் முதலில் இதைப் பற்றிக் கேளுங்கள்.

இப்போது ஹட்டன் உம்மாவின் மகளுக்கு வருவோம். கடிதத்தைப் பார்த்து நோய்க்குப் பெயர் வைக்க முடியாது. ஆனால் அவர் எழுதிய விவரம் ஒன்று கண்ணில் பட்டது: காய்ச்சலுக்குப் பின் இரண்டரை மாதம்.

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் சில வருடம் வளரும்; பிறகு இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுக்கும்; பின் உதிரும்; அதே வேரிலிருந்து புதிது முளைக்கும். அதனால் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயற்கை. கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவைச் சிகிச்சை, பட்டினிபோல உணவைக் குறைப்பது, தாங்கமுடியாத துக்கம் ஆகியவை உடம்பை உலுக்கும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும்பகுதி ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடுகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து அவை எல்லாம் சேர்ந்து கொட்டுகின்றன. பிள்ளை பெற்ற மூன்றாம் மாதம் முடி கொட்டாத தாய் நம்மில் எத்தனை பேர்? கொரோனாவுக்குப் பிறகு எத்தனை வீட்டில் இந்தப் புலம்பல் கேட்டது!

இந்த வகையில் வேர் சாவதில்லை. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் முடி தானாகவே திரும்பிவிடும். தானாக வரப்போகும் முடிக்கு ஊசி போட்டுவிட்டு, "பார்த்தீர்களா, எங்கள் ஊசியால் வந்தது!" என்று சொல்வது எவ்வளவு எளிது!

இன்னொரு கணக்கையும் பாருங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். பி.ஆர்.பி.யின் பலன் கண்ணுக்குத் தெரியவே மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். நிக்காஹுக்கு இருப்பதோ நான்கு மாதம். ஆக, சிகிச்சை பலித்தாலும்கூடக் கலியாண நாளில் விரற்கடை அளவு குட்டிமுடிதான் இருக்கும். அதற்காகவா பரம்பரைக் காப்பு அடகுக் கடைக்குப் போகவேண்டும்?

பிளேன் டீயும் இரத்தக் குறைவும்

மலையகத்துச் சகோதரிகளுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்து லயங்களிலும் நம் கடைவீதி வீடுகளிலும் காலை உணவு என்ன? ரொட்டியும் பிளேன் டீயும். பகல் சோற்றுக்குப் பின்னும் தேத்தண்ணி. மாலையிலும் அதுவே. உலகத்துக்கே தேயிலை கொடுக்கும் மண்ணில் தேத்தண்ணியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து, மரக்கறியிலும் தானியத்திலும் இருக்கும் இரும்பை உடம்பு உறிஞ்சாமல் தடுக்கிறது. மாதவிலக்கு, பிரசவம் என்று இரத்தத்தை இழக்கும் பெண்ணுக்கு அது இரட்டை நட்டம். இரும்புச் சத்துக் குறைந்த பெண்களில் பலருக்கு முடியும் கொட்டுகிறது.

தேத்தண்ணியை விடவேண்டாம், சாப்பாட்டோடு குடிப்பதை விடுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழியட்டும். முருங்கைக்கீரை, பருப்பு, நெத்தலி, கிடைக்கும்போது இறைச்சி, ஈரல் சேருங்கள் (கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்கவும்). கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழியுங்கள். புளிப்பு இரும்பை ஏற்றுக்கொள்ள உதவும். ஒரு கொய்யாப்பழமும் அந்த வேலையைச் செய்யும். ஆனால் பரிசோதனை இல்லாமல் இரும்பு மாத்திரை விழுங்காதீர்கள். தலசீமியா உள்ளவர்களுக்கும் இரத்தக் குறைவுதான். அவர்களுக்கு இரும்பு கூடினால் ஆபத்து.

ஆகவே முதற் பயணம் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு. நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. ஹட்டன் பக்கத்தாருக்கு டிக்கோயா, கிளங்கன் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. டொக்டரைக் கண்டு, ஹீமோகுளோபின், இரும்பின் இருப்பைக் காட்டும் பெரிட்டின், தைரொயிட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். மாதவிலக்கு ஒழுங்கில்லை, முகத்தில் முடி முளைக்கிறது என்றால் வெட்கப்படாமல் அதையும் சொல்லுங்கள். கர்ப்பப்பையோடு சேர்ந்த சுரப்பிக் கோளாறும் முடியைப் பாதிக்கும். தேவையென்றால் அவரே தோல் நோய் நிபுணரிடம் அனுப்புவார்.

இழுத்துக் கட்டுவதையும் கவனியுங்கள். நுவரெலியாவின் பனிக்குளிரில் தலை காய்வதே இல்லை. ஈரத்தோடு இறுக்கிக் கொண்டை போட்டு, அதன்மேல் முக்காட்டையும் இறுக்கிக் குத்தினால் நெற்றியோரத்து முடி இழுபட்டு வேரோடு பலவீனமாகும், பொடுகும் சேரும். கொழுந்துக் கூடையின் கயிற்றை வருடக்கணக்காகத் தலையில் தாங்கும் சகோதரிகளுக்கு அந்த இடத்தில் முடி தேய்ந்திருப்பதைக் காணலாம். கயிற்றின் கீழ் தடித்த துணியை மடித்து வையுங்கள். இடத்தை மாற்றி மாற்றித் தாங்குங்கள். குற்றம் ஹிஜாபில் அல்ல, இறுக்கத்தில்!

ஊசி என்றால் சுத்தம்

எல்லாப் பரிசோதனையும் பார்த்து, தோல் நோய் நிபுணரே பி.ஆர்.பி. செய்யலாம் என்று சொன்னால் செய்துகொள்ளுங்கள். ஆனால் அழகு நிலையத்தில் அல்ல. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அல்புகர்க்கி என்ற நகரம். அங்கே உரிமமில்லாத ஓர் அழகு நிலையத்தில் முகத்துக்கு இதே இரத்தச் சிகிச்சை செய்துகொண்ட மூன்று பெண்களுக்கு எய்ட்ஸ் கிருமி தொற்றியது. 2018இல் அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது, பெயர் எழுதாத இரத்தக் குழாய்கள் சமையலறை மேசையில். குளிர்ப்பெட்டியில் உணவோடு சேர்த்து மருந்து. உறை பிரித்த ஊசிகள் அங்குமிங்கும்! அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 ஏப்ரலில் இதை அறிக்கையாக வெளியிட்டது. சொந்த இரத்தம் பாதுகாப்பானதுதான். அது உங்கள் சொந்த இரத்தம்தானா என்பதல்லவா கேள்வி?

ஆகவே இவற்றைக் கேளுங்கள். ஊசி போடுபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த டொக்டரா? 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அந்தக் கிளினிக் தனியார் மருத்துவ நிலையமாகப் பதிவானதா? புதிய ஊசியையும் குழாயையும் உங்கள் கண்முன்னே உறை பிரிக்கிறார்களா? குழாயில் உங்கள் பெயரை எழுதுகிறார்களா? மொத்தச் செலவை எழுத்தில் தருவார்களா? ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியாகப் பணம் வாங்குவார்களா? கேட்பது அவமரியாதை அல்ல, உங்கள் உரிமை.

பிளேட்லெட் குறைந்தவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், தலைத் தோலில் கிருமித் தொற்று உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். எடுக்கும் மாத்திரை எதுவானாலும் டொக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

ஹட்டன் உம்மாவின் கேள்வி 1,400 வருடத்துக்கு முன்பே கேட்கப்பட்டிருக்கிறது! அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஒரு தாய் நபி (ஸல்) அவர்களிடம் வருகிறார். மகள் மணப்பெண்; நோய் கண்டு முடி உதிர்ந்துவிட்டது; வேறு முடியைச் சேர்க்கலாமா என்று கேட்கிறார். அதே கவலை, அதே தாய் மனம்! முடியோடு முடி சேர்ப்பதை நபியவர்கள் மிகக் கடுமையாகத் தடுத்தார்கள். எனவே மனித முடியாலான சவுரி கூடாது. பட்டு, நூல் போன்றவற்றில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தடுக்கப்பட்டது இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. நோய்க்கு மருந்து செய்வது தடுக்கப்படவில்லை. நோய்க்கு மருந்து தேடும்படி நமக்குச் சொன்னவர்களே நபி (ஸல்) அவர்கள்தாம். 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி, அழகுச் சிகிச்சைகள் பற்றிய தன் 173ஆம் தீர்மானத்தில், நோயால் வந்த குறையைச் சீர்செய்வதை ஆகுமாக்கியது. முடி உதிர்ந்தவருக்கு, குறிப்பாகப் பெண்ணுக்கு, முடி நடுவதையும் அதில் சேர்த்திருக்கிறது.

பி.ஆர்.பி.யில் இரத்தம் சம்பந்தப்படுகிறது. வெளியேறிய இரத்தம் நஜீஸ் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். அதனால் வெறும் அலங்காரத்துக்காக என்றால் தயங்கும் உலமாக்களும், உண்மையான சிகிச்சை என்றால் ஆகும் என்பவர்களும் இருக்கிறார்கள். டொக்டர் சொன்னதை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பெண் டொக்டரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மட்டுமே ஆண் டொக்டர். அப்போதும் மஹ்ரமானவர் ஒருவர் கூட இருக்கட்டும். ஊசிக்குப் பின் சில மணி நேரம், சிலவேளை மறுநாள் வரை, தலை நனைக்க வேண்டாம் என்பார்கள். ஆகவே கடமையான குளிப்பு குறுக்கிடாத நாளைத் தேர்ந்தெடுங்கள். உளூவுக்குக் கவலை இல்லை. ஷாபிஈ மத்ஹபில் தலையில் சிறிதளவு தடவினாலே போதும். ஊசி படாத ஓரத்தில் தடவலாம். இரத்தம் வந்தால் உளூ முறியாது. கசிந்ததைச் சுத்தம் செய்துவிட்டுத் தொழுங்கள். ஹனபிச் சகோதரிகள் இரத்தம் வழிந்திருந்தால் உளூவைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

மாமியாருக்கும் ஒரு வார்த்தை

பெண் பார்க்கப் போகும் தாய்மாரே! பின்னலைப் பிடித்துப் பார்த்து மருமகளைத் தேர்வு செய்யும் வழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. மார்க்கப் பற்றைப் பார்த்து மணமுடிக்கச் சொன்ன நபியின் உம்மத்து நாம்! காய்ச்சலில் சாவின் வாசல்வரை போய் மீண்ட ஒரு பிள்ளை, "மாப்பிள்ளை வீட்டார் என் தலையைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ" என்று இரவில் அழுகிறாள் என்றால், அந்தக் கண்ணீருக்கு நாமல்லவா பொறுப்பு?

மணப்பெண்ணின் தாய்க்கும் சொல்கிறேன். மறைக்காதீர்கள். "பிள்ளைக்கு டெங்கு வந்து முடி கொட்டியிருக்கிறது, வளரும் என்று டொக்டர் சொல்கிறார்" என்று நேராகச் சொல்லுங்கள். நல்ல சம்பந்தம் இதனால் முறியாது. இதனால் முறிவது நல்ல சம்பந்தமாக இருந்திருக்காது.

பனூ இஸ்ராயீலில் மூன்று பேரை அல்லாஹ் சோதித்த வரலாறு ஹதீஸில் வருகிறதே, நினைவிருக்கிறதா? அவர்களில் ஒருவர் வழுக்கைத் தலையர். என்ன வேண்டும் என்று மலக்கு கேட்டபோது, அழகான முடி கேட்டார். கிடைத்தது, செல்வமும் கிடைத்தது. பின்னர் ஓர் ஏழை வந்து கையேந்தியபோது மறுத்துவிட்டார். முடி கேட்டது குற்றமாகவில்லை. முடி வந்தபின் நன்றியை மறந்ததுதான் குற்றமாயிற்று.

ஹட்டன் உம்மாவின் காப்பு இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது. மகளுக்கு இரத்தப் பரிசோதனை எடுத்திருக்கிறார்களாம். இரும்புச் சத்து மிகக் குறைவு என்று முடிவு வந்து, மருந்து தொடங்கியாயிற்று. "சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பதை வீட்டில் எல்லோருமே நிறுத்திவிட்டோம், மகளின் வாப்பா மட்டும் முணுமுணுக்கிறார்" என்று எழுதியிருக்கிறார்.

அந்தக் காப்பு நிக்காஹ் நாளில் மகளின் கையில் ஏறட்டும். உங்கள் எல்லோருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.